சுவரில் ஒட்டிய காகிதம்: 1801-ஆம் ஆண்டைப் பற்றிய ஓர் ஆராய்ச்சி

1801-ஆம் ஆண்டு ஜூன் மாதம் 16-ஆம் நாள், திருச்சிராப்பள்ளிக் கோட்டையில் ஆர்க்காட்டு நவாபின் அரண்மனை வாயிற்சுவரில் ஒரு காகிதம் ஒட்டப்பட்டிருந்தது. அதே வாசகங்களைக் கொண்ட மற்றொரு காகிதம் காவிரியைக் கடந்து ஸ்ரீரங்கம் கோயில் மதிலில் ஒட்டப்பட்டிருந்தது. கண்ணிற்பட்டவர் எவராயினும் கவனமாகப் படிக்க வேண்டும் என்று தொடங்கி, சுவரிலிருந்து இதைக் கிழித்தெடுப்பவன் பஞ்சமாபாதகங்களையும் செய்தவனாவான் என்ற எச்சரிக்கையையும் தாங்கியிருந்த அந்தப் பிரகடனம் மருது பாண்டியன் பெயரால் வெளிவந்தது.

அவ்வாண்டில் தமிழகத்தின் தலைவிதியை நிர்ணயித்த வேறு இரண்டு காகிதங்களும் உண்டு. சுவரில் ஒட்டிய பிரகடனத்துக்கு 45 நாள் கழித்து, ஜூலை 31 தேதியிட்டுச் சென்னையில் முடிவான கர்நாடக உடன்படிக்கை ஒன்று. டிசம்பர் 1-ஆம் நாள் சென்னைக் கவர்னர் எட்வர்ட் கிளைவ் பிறப்பித்த ஆயுதப் பறிமுதல் பிரகடனம் மற்றொன்று. ஜூன் மாதத்துக் காகிதம் தோற்றது. பின்வந்த இரண்டும் வென்றன. வென்றவற்றின் மேல் எழுந்த ஆட்சி ஒன்றரை நூற்றாண்டுக்குச் சற்றே குறைந்த காலம் நிலைத்தது. ஆயினும் ஒரு தேசத்தின் சரித்திரத்தில் ஓர் ஆண்டு பெறும் ஸ்தானத்தை வெற்றி தோல்விகளைக் கொண்டு மட்டும் அளந்துவிட இயலாது. இம்மூன்று காகிதங்களில் எது யாரை நோக்கிப் பேசிற்று என்று கேட்டுப் பார்த்தால், 1801 நமக்கு விட்டுச் சென்ற செய்தி வேறொரு வடிவில் புலப்படும் என்பதே இக்கட்டுரையின் கருத்து.

நூற்றாண்டு திரும்பிய வேளை

பதினெட்டாம் நூற்றாண்டு முடிந்து பத்தொன்பதாம் நூற்றாண்டு பிறந்த அந்த மூன்று ஆண்டுகளுக்குள் தென்னாட்டின் தேசப்படம் மாறிப்போன வேகத்துக்கு ஒப்பான மாறுதலை, விஜயநகரம் தலைக்கோட்டையில் வீழ்ந்த காலத்துக்குப் பின் இந்நாடு கண்டதில்லை. 1799 மே 4-ஆம் நாள் ஸ்ரீரங்கப்பட்டணத்தில் திப்பு சுல்தான் போர்க்களத்தில் மாண்டார். கோயம்புத்தூரும் கன்னடக் கடற்கரையும் ஆங்கிலக் கிழக்கிந்தியக் கம்பெனியார் வசமாயின. அதே ஆண்டு அக்டோபர் 16-இல் பாஞ்சாலங்குறிச்சி வீரபாண்டியக் கட்டபொம்மன் கயத்தாற்றில் தூக்கிலிடப்பட்டார். அதே மாதம் 25-இல் தஞ்சை மன்னர் இரண்டாம் சரபோஜி, கோட்டையும் அரண்மனையும் தமக்கிருக்க, ராஜ்யபாரத்தைக் கம்பெனியாரிடம் ஒப்படைத்து உடன்படிக்கை செய்துகொண்டார். 1800 அக்டோபரில் ஹைதராபாத் நிஜாம், பல்லாரி, கடப்பை முதலிய ஜில்லாக்களைக் கொடுத்துவிட்டார். எஞ்சி நின்றது ஆர்க்காட்டு நவாபின் கர்நாடகம் ஒன்றே; அதுவும் 1801-இல் முடிந்தது. சென்னை மாகாணம் என்று நம் பாட்டன்மார் அறிந்திருந்த அந்தப் பெரும் பரப்பு, இவ்வாறு மூன்றாண்டுக் காலத்தில், பெரும்பாலும் உடன்படிக்கைகளின் மூலமாகவே உருவாயிற்று.

கடலுக்கு அப்பாலும் அது பெரிய மாறுதல்களின் ஆண்டாகவே இருந்தது. 1801 ஜனவரி முதல் நாள் பிரிட்டனும் அயர்லாந்தும் ஒரே ராஜ்யமாக இணைந்தன. மார்ச் 10-இல் பிரிட்டன் தன் ஜனங்களை முதன்முறையாகத் தலைக்கணக்கெடுத்தது. எகிப்தில் நெப்போலியன் விட்டுச் சென்ற பிரெஞ்சுப் படையை வெளியேற்ற, இந்தியாவிலிருந்தே பெயர்டு துரையின் தலைமையில் ஒரு சேனை செங்கடல் வழியே சென்றது. பிரெஞ்சுக்காரர் வருவர் என்ற அச்சம் கல்கத்தாவில் கவர்னர் ஜெனரல் வெல்லெஸ்லியை ஆட்டிப்படைத்தது. அவர் தென்னாட்டில் காட்டிய அவசரத்துக்கு அதுவே முக்கிய காரணம். ஆகவே சிவகங்கைக் காட்டிலும் பாஞ்சாலங்குறிச்சிக் கரிசலிலும் நிகழ்ந்த யுத்தத்தை உள்ளூர்க் கலகமென்று ஒதுக்கிவிடுதல் சரியன்று. உலகத்தின் பெரும் போராட்டமொன்றின் ஓரத்தில் நிகழ்ந்தது அது.

கடனும் காவலும்

இந்நாட்டை ஆங்கிலேயர் போரால் வென்றனர் என்பது பாதி உண்மை. மறுபாதி, கடனால் வென்றனர் என்பது. ஆர்க்காட்டு நவாப் முகம்மது அலி, தம்மைச் சிம்மாசனத்தில் ஏற்றிய யுத்தங்களின் செலவுக்காகக் கம்பெனிக்குக் கடன்பட்டார்; அந்தக் கடனைத் தீர்ப்பதற்காகக் கம்பெனி உத்தியோகஸ்தரிடமே தனித்தனியாக வட்டிக்கு வாங்கினார்; வாங்கிய கடனுக்கு ஈடாகச் சீமைகளின் வரியை எழுதிக்கொடுத்தார். நவாபின் கடனை எழுப்பிக் கொழுத்தவர்களைப் பற்றி 1785-இல் லண்டன் பார்லிமெண்டில் எட்மண்ட் பர்க் நிகழ்த்திய பிரசங்கம் பிரசித்தமானது. ஆனால் அந்தப் பிரசங்கத்தால் வயலில் நின்ற குடியானவனுடைய பாரம் ஒரு மணியளவும் குறையவில்லை. நவாபுக்காக வரி தண்டியவனும், கடன்கொடுத்த துரைக்காக வரி தண்டியவனும், கம்பெனிக்காக வரி தண்டியவனும் ஆக, ஒரே களத்துமேட்டுக்கு மூவர் வந்து நின்றனர்.

1792-இல் ஏற்பட்ட உடன்படிக்கையால், சீமைத் தலைவர்களாகிய பாளையக்காரரிடமிருந்து பேஷ்குஷ் என்னும் கப்பத்தை நவாபின் பெயரால் வசூலிக்கும் அதிகாரம் கம்பெனிக்கு வந்தது. அன்றுவரை பாளையக்காரர் கப்பம் கட்டுவோராக மட்டும் இருந்தாரல்லர். கிராமங்களின் களவுக்கு உத்தரவாதம் சொல்லும் ஸ்தலக்காவலும், வழிப்போக்கர்க்கும் வட்டாரத்துக்கும் பாதுகாப்பளிக்கும் தேசக்காவலும் அவர்கள் உரிமைகளாக இருந்தன. அந்தக் காவலுக்கு ஊரார் கொடுத்த சுதந்தரம் என்னும் பங்கு சில இடங்களில் நியாயமானதாகவும், சில இடங்களில் கொள்ளையாகவும் இருந்தது என்பதை மறைப்பது நேர்மையாகாது. ஆனால் கம்பெனியார் அதைச் சீர்திருத்த முற்படவில்லை. காவலைத் தாமே எடுத்துக்கொள்ள முற்பட்டனர். ஊரில் ஆயுதம் தாங்குபவன் யார், தாங்க உரிமையளிப்பவன் யார் என்ற கேள்விக்கு இரண்டு விடைகள் ஒரே சமயத்தில் இருக்க முடியாதாகையால், போர் வருவது தவிர்க்க முடியாததாயிற்று. 1795-இல் ராமநாதபுரம் முத்துராமலிங்க சேதுபதி பதவியிலிருந்து இறக்கப்பட்டுச் சிறைவைக்கப்பட்டதும், நான்காண்டு கழித்துக் கட்டபொம்மன் தூக்கிலிடப்பட்டதும் அந்தக் கேள்வியின் முதற் படிகள்.

ஊமைத்துரையின் வைக்கோல்

1801 பிப்ரவரி 2-ஆம் நாள் இரவு, பாளையங்கோட்டைச் சிறையிலிருந்து கட்டபொம்மனின் தம்பி ஊமைத்துரையும் அவரைச் சேர்ந்தவர்களும் காவலரை மடக்கித் தப்பினர். சிறைக்குள் வைசூரி கண்டிருந்ததால் சில நாள்களுக்கு முன்பு அவர்களுடைய விலங்குகள் களையப்பட்டிருந்தன. ஒரு வாரத்துக்குள் மேஜர் மெக்காலே சேனையோடு பாஞ்சாலங்குறிச்சியை அடைந்தபோது, 1799-இல் இடித்துத் தரைமட்டமாக்கப்பட்ட கோட்டை மீண்டும் எழுந்து நின்றது. கல்லும் சுண்ணாம்பும் கொண்ட கோட்டையன்று. மண்ணையும் வைக்கோலையும் குழைத்து எழுப்பிய சுவர். அதைச் சுற்றி முள்வேலி. அந்த மண்கோட்டையை மார்ச் 31-இல் தாக்கிய கம்பெனிச் சேனை தோற்றுப் பின்வாங்கிற்று; கர்னல் அக்னியூ பெரும் படையோடும் பீரங்கிகளோடும் வந்த பின்னர், மே 24-ஆம் நாளே அது விழுந்தது.

இந்த நிகழ்ச்சிகளை நாம் அறிவதற்குப் பெருந்துணையாயிருப்பது, அப்படையில் இளம் உத்தியோகஸ்தராயிருந்த ஜேம்ஸ் வெல்ஷ், 1830-இல் லண்டனில் வெளியிட்ட போர் நினைவுகள் என்னும் நூல். எதிரிப் பக்கத்தில் நின்றவர் எழுதியது அது. எனினும் எதிரியின் பெருமையைக் கண்டவிடத்துச் சொல்லக் கூசாதவர் எழுதியது. ஊமைத்துரையைப் பற்றி அவர் தீட்டும் சித்திரம் ஒருமுறை படித்தவர் மறக்கக்கூடியதன்று. மெலிந்த உடலும் நோயாளி போன்ற தோற்றமும் கொண்ட அந்த வாய்பேசாத இளைஞரை ஜனங்கள் தெய்வம் போலக் கொண்டாடினர். அவர் சில வைக்கோற் துரும்புகளை எடுத்து இடது உள்ளங்கையில் வரிசையாக வைப்பார். அவை ஆங்கிலேயரின் சேனை. காலத்தையும் இடத்தையும் சைகையாற் காட்டியபின், வாயால் ஓர் ஓசை எழுப்பிக்கொண்டு வலக்கையால் அத்துரும்புகளைத் துடைத்தெறிவார். அதுவே போருக்கு உத்தரவு. எழுத்தும் பேச்சும் இல்லாமல், ஓர் உள்ளங்கையின் மேல் எழுதி அழிக்கப்பட்ட பிரகடனம் அது.

கோட்டை விழுந்த அன்று ஊமைத்துரை படுகாயமுற்றுக் கிடந்தார். பிணங்களுக்கிடையே தன் மகனைத் தேடிவந்த ஒரு தாய், குற்றுயிராயிருந்த அவனைக் கண்டு தூக்க முயன்றாள். தன்னை விட்டுவிட்டு, பக்கத்தில் கிடக்கும் சாமியைக் காப்பாற்றும்படி அம்மகன் வேண்டிக்கொண்டான். பெண்கள் ஊமைத்துரையைத் தூக்கிச் சென்று வீட்டில் கிடத்தித் துணியால் மூடினர். கம்பெனிக்காகத் தேடிவந்த எட்டயபுரத்துச் சேவகரின் காதுபட, வீட்டில் அம்மை கண்டிருக்கிறது என்று ஒப்பாரி வைத்தனர். அஞ்சிய சேவகர் அகன்றனர். சிறையில் விலங்கைக் களைவித்த நோயின் பெயரே இரண்டாம் முறையும் அவரைக் காத்தது. அந்தத் தாயின் பெயரை எந்தக் காகிதமும் குறித்து வைக்கவில்லை. ஆனால் 1801-ஆம் ஆண்டின் யுத்தம் பாளையக்காரருடைய சொத்துச் சண்டை மாத்திரமே என்று சொல்லுகிறவர்களுக்கு, தன் மகனை விட்டுப் பிறனைத் தூக்கிச் சென்ற அவளே விடையாவாள்.

சுவர் பேசியது

உயிர் தப்பிய ஊமைத்துரைக்குச் சிறுவயலில் அடைக்கலம் தந்தவர் சின்ன மருது. சிவகங்கைச் சீமை 1772-இல் முத்துவடுகநாதத் தேவரைக் காளையார்கோயிற் போரில் இழந்தது. அவர் மனைவி வேலுநாச்சியார் விருப்பாச்சியில் அடைக்கலம் புகுந்து, ஹைதர் அலியின் துணையோடு 1780-இல் சீமையை மீட்டார். அவருக்கு உறுதுணையாயிருந்து, பின்னர்ச் சீமையின் ஆட்சியையே நடத்தியவர்கள் பெரிய மருது, சின்ன மருது என்ற சகோதரர். அடைக்கலம் புகுந்தவரின் துயரம் அறிந்த சீமை அது. ஊமைத்துரையை ஒப்படைக்கும்படி கம்பெனியார் கேட்டதைச் சின்ன மருது மறுத்தார். பாஞ்சாலங்குறிச்சி வீழ்ந்த இருபத்து மூன்றாம் நாள், திருச்சிராப்பள்ளியில் அவருடைய பிரகடனம் சுவரேறிற்று.

அதன் வாசகம் கம்பெனியாரின் ஆவணங்களில் ஆங்கில மொழிபெயர்ப்பாக இடம்பெற்று நமக்குக் கிடைத்திருக்கிறது. ஜம்புத்வீபத்திலும் ஜம்புத் தீபகற்பத்திலும் வாழும் சகல ஜாதியாருக்கும் அது எழுதப்பட்டது: பிராமணர், க்ஷத்திரியர், வைசியர், சூத்திரர், முஸல்மான்கள் என்று பெயர் சொல்லி அழைத்தது. நவாப் முகம்மது அலி பேதைமையால் ஐரோப்பியருக்கு இடங்கொடுத்தார். அவர்கள் நம்பிக்கைத் துரோகம் செய்து ராஜ்யத்தைத் தமதாக்கிக்கொண்டு ஜனங்களை நாய்களாக நடத்துகிறார்கள். உங்களுக்குள் ஒற்றுமையும் சிநேகமும் இல்லாமையால் அந்நியரின் வஞ்சகத்தை அறியாது ஒருவரை ஒருவர் பழித்துக்கொண்டு நாட்டைக் கொடுத்துவிட்டீர்கள். அவர்கள் ஆளும் இடங்களில் ஜனங்கள் வறியராகி, சோற்றுக்குப் பதில் நீராகாரத்தில் வாழ்கின்றனர். துன்பத்தை உணர்ந்தும் அதன் காரணத்தை அறிந்திலர் என்பது அதன் சாரம். பழைய முறைப்படி நவாபும் பாளையக்காரரும் அவரவர் உரிமைக்குள் நிற்க வேண்டுமென்றும், ஐரோப்பியரைச் சேவிப்பவருக்கு மறுமையில் நற்கதி இல்லையென்றும், அவர்களிடம் வேலை பார்க்கும் சிப்பாய்கள் தம் வீரத்தை இந்நாட்டுக்காகக் காட்ட வேண்டுமென்றும் அது வற்புறுத்திற்று.

இந்தப் பிரகடனத்தை நம் காலத்துக் கருத்துகளால் அலங்கரித்துப் பார்ப்பது தகாது. வருணாசிரமத்தின் வரிசையில்தான் அது ஜனங்களை அழைத்தது. அது மீட்க விரும்பியது பழைய ராஜ்ய முறையையே. குடியாட்சியை அது கனவிலும் கருதவில்லை. அந்த வரிசைக்குள் அடங்காது புறத்தே நிறுத்தப்பட்டிருந்த உழைப்பாளிகளுக்கு அது யாதொரு வாக்குறுதியும் தரவில்லை. இவ்வளவையும் ஒப்புக்கொண்ட பின்னரும் ஒரு விஷயம் எஞ்சுகிறது, அதுவே பிரதானம். சிவகங்கையின் எல்லைக்கு வெளியே மருதுவுக்கு அதிகாரம் இருந்ததில்லை; எனினும் அவர் சிவகங்கையாரை மட்டும் அழைக்கவில்லை, தம் குலத்தாரை மட்டும் அழைக்கவில்லை, தம் சமயத்தாரை மட்டும் அழைக்கவில்லை. தம் ஆணைக்குக் கட்டுப்படாத ஜனங்களை, அவர்கள் ஒரே நிலத்தின் மேல் ஒரே தீங்குக்கு ஆளானவர்கள் என்ற ஒரே காரணத்தால், நீங்கள் என்று முன்னிலையில் வைத்துப் பேசினார். அரண்மனை வாயிலையும் கோயில் மதிலையும் அவர் தேர்ந்துகொண்டதிலும் பொருளுண்டு. முஸல்மான் அரசரின் வாயிலில் ஒன்று, வைஷ்ணவர்களின் திவ்ய க்ஷேத்திரத்து மதிலில் ஒன்று. இரண்டிடத்திலும் வாசகம் ஒன்றே.

தேசம் என்பது படத்தில் வரைந்த எல்லையாகப் பிறப்பதற்கு முன்னால், ஓர் அழைப்பாகப் பிறக்கிறது. முகம் அறியாத ஒருவனை நம்மவன் என்று கருதி ஒருவன் பேசத் தொடங்கும்போது அதன் முதல் மூச்சு தோன்றுகிறது. ஆய்வாளர் கே. ராஜய்யன் 1971-இல் வெளியிட்ட தம் நூலில் 1800–1801 கிளர்ச்சியை முதல் சுதந்திர யுத்தம் என்றே அழைத்தார். திண்டுக்கல் கோபால நாயக்கர் முதல் மைசூர்ப் பிரதேசத்துத் தூந்தாஜி வாக் வரை பல சீமைத் தலைவர்கள் தம்முள் தொடர்பு கொண்டிருந்ததை அவர் விளக்கினார். தூந்தாஜி 1800 செப்டம்பரிலேயே போரில் மாண்டார். 1800 ஜூன் 3-இல் கோயம்புத்தூரைத் தாக்கிய முயற்சியும் தோற்றது. அந்தத் தோல்விகளுக்குப் பின்னரும் அழைப்பு நின்றுவிடவில்லை. தலைவர்களுக்குள் ரகசியமாக நடந்து வந்த பேச்சு, ஜூன் 16-இல் யாவருக்குமாகச் சுவருக்கு வந்தது. 1801 அடைந்த புதுமை அதுவே.

சேப்பாக்கத்துக் கையெழுத்து

சுவர்க் காகிதம் வெயிலில் காய்ந்துகொண்டிருந்த அந்த நாள்களில், சென்னைச் சேப்பாக்கம் அரண்மனையில் முகம்மது அலியின் மகன் உம்தத்-உல்-உமரா மரணப் படுக்கையில் கிடந்தார். ஜூலை 15-ஆம் நாள் அவர் காலமானார். ஸ்ரீரங்கப்பட்டணத்து அரண்மனையில் அகப்பட்ட சில கடிதங்களைக் காட்டி, நவாபும் அவர் தந்தையும் திப்புவோடு ரகசியமாக உறவாடினர் என்று கம்பெனியார் குற்றம் சாட்டினர். மறுத்துச் சொல்லத் திப்புவும் உயிரோடில்லை, முகம்மது அலியும் உயிரோடில்லை, இப்போது உம்தத்-உல்-உமராவும் இல்லை. அவர் வாரிசாகக் குறித்துச் சென்ற அலி உசேன் என்ற இளைஞரிடம், ஆட்சியைக் கம்பெனிக்கு விட்டுக்கொடுத்தால் நவாப் பட்டம் உண்டு என்ற நிபந்தனை வைக்கப்பட்டது. அவர் உடன்படவில்லை. அதன்மேல், காலஞ்சென்ற நவாபின் தம்பி மகனாகிய அஸீம்-உத்-தௌலா அழைக்கப்பட்டார், அவர் உடன்பட்டார். ஜூலை 31 தேதியிட்ட உடன்படிக்கையால், கர்நாடகத்தின் சிவில் ராணுவ அதிகாரங்கள் யாவும் என்றென்றைக்குமாகக் கம்பெனியைச் சேர்ந்தன. நிகர வருமானத்தில் ஐந்தில் ஒரு பங்கு நவாபின் போஷணைக்கென ஒதுக்கப்பட்டது.

நெல்லூர் முதல் திருநெல்வேலி வரை வாழ்ந்த பல லக்ஷம் ஜனங்கள் ஒரு கையெழுத்தால் கைமாறினர். அந்த ஜனங்களில் ஒருவரையும் நோக்கி அந்த உடன்படிக்கை ஒரு வார்த்தையும் பேசவில்லை. பேசியவர் இருவர், பேசப்பட்ட பொருள் வருமானம். இரண்டு காகிதங்களையும் அருகருகே வைத்துப் பார்க்கும்போது, 1801-ஆம் ஆண்டின் முழுப் போராட்டமும் நம் கண்முன் நிற்கிறது.

காட்டுக்குள் நடந்த முடிவு

எஞ்சியது யுத்தத்தின் கடைசிப் பகுதி. சிவகங்கைச் சீமையின் அரணாயிருந்தது காளையார்கோயிற் காடு. சிறுவயலிலிருந்து அக்காட்டுக்குள் ஒரு பாதை வெட்ட அக்னியூவின் சேனை ஆகஸ்டு மாதம் முழுவதும் பாடுபட்டது. பகலில் வெட்டிய வழியை மரங்களுக்குள் மறைந்திருந்தவர்களின் துப்பாக்கியும் ஈட்டியும் வளரியும் பயனற்றதாக்கின. செப்டம்பர் தொடக்கத்தில் அம்முயற்சி கைவிடப்பட்டது. படைபலத்தால் ஆகாததை உரிமைச் சச்சரவால் சாதிக்க எண்ணிய கம்பெனியார், சிவகங்கை அரச குடும்பத்தைச் சேர்ந்தவராகிய படமாத்தூர் கௌரிவல்லப உடையணத் தேவரை அம்மாதத்திலேயே சோழபுரத்தில் சீமையின் அதிபதியாக அறிவித்தனர். மருது சகோதரரை விட்டுப் பலர் பிரிந்தனர். புதுக்கோட்டைத் தொண்டைமானும் எட்டயபுரத்தாரும் முன்னரே கம்பெனியின் பக்கம் நின்றனர். கம்பெனிச் சேனையின் பெரும்பகுதியும் இந்நாட்டுச் சிப்பாய்களே. ஒற்றுமையும் சிநேகமும் இல்லை என்று பிரகடனம் வருந்திச் சொன்னது அதை வெளியிட்டவர்களின் விஷயத்திலேயே மெய்யாயிற்று.

அக்டோபர் முதல் நாள் பல திசைகளிலிருந்தும் சூழ்ந்த சேனைகள் காளையார்கோயிலைக் கைப்பற்றின. அதே நாளில் லண்டனில் பிரிட்டனும் பிரான்ஸும் சமாதானத்துக்கான முதல் உடன்படிக்கையில் கையெழுத்திட்டன. காட்டில் தனித்து நின்றவர்களுக்கு இனி உள்நாட்டிலும் துணையில்லை, வெளிநாட்டிலும் துணையில்லை. அக்டோபர் 24-இல் மருது சகோதரர் திருப்பத்தூரில் தூக்கிலிடப்பட்டனர். நவம்பர் 16-இல் பாஞ்சாலங்குறிச்சியில் ஊமைத்துரை தூக்கிலிடப்பட்டார்.

1795-ஆம் ஆண்டளவில் மதுரையில் இருந்த இளைஞர் வெல்ஷுக்கு ஈட்டி எறியவும் வளரி வீசவும் கற்றுக்கொடுத்தவர் சின்ன மருதுவே. காவலாளி ஒருவனும் இல்லாத சிறுவயல் அரண்மனைக்குள் விரும்பியவர் எவரும் புகுந்து வரலாமென்றும், யாவரும் அவரை வாழ்த்தினரென்றும் வெல்ஷ் எழுதுகிறார். அந்த ஆசிரியரை வேட்டைமிருகம் போலத் துரத்தவும், தொடையெலும்பு முறிந்து சிறையில் கிடக்கக் காணவும், தூக்குமரத்தில் காணவும் தமக்கு விதியிருந்ததே என்று அந்த மாணவர் வருந்துகிறார்.

மூன்றாம் காகிதம்

டிசம்பர் 1-ஆம் நாள், ஆர்க்காட்டு முற்றுகையால் புகழ்பெற்ற ராபர்ட் கிளைவின் மகன் எட்வர்ட் கிளைவ் பிறப்பித்த பிரகடனம், துப்பாக்கி முதல் ஈட்டிவரை ஆயுதங்களை ஒப்படைக்கும்படி கட்டளையிட்டது. மீறுவோருக்கு மரண தண்டனை என்றது. கோட்டைகள் இடிக்கப்படும் என்றது. பாளையக்காரருக்கு நிலையான வரியோடு கூடிய ஜமீன் உரிமை வழங்கப்படும் என்று வாக்களித்தது. இதுவும் ஜனங்களை நோக்கிப் பேசியதே. ஆனால் கீழ்ப்படிய வேண்டியவர்களாக மட்டும் அவர்களைக் கண்டு பேசியது. 1802-ஆம் ஆண்டின் சட்டங்கள் சாசுவத ஜமீன் முறையை வகுத்தன. அடுத்த ஆண்டில் சிவகங்கையும் ராமநாதபுரமும் சன்னது பெற்ற ஜமீன்களாயின. வாளேந்தியவரின் பேரன் நியாயஸ்தலத்தில் வக்காலத்துக் கொடுப்பவனானான். 1802 ஏப்ரலில் ஆங்கில நில அளவையாளர் லாம்டன், பரங்கிமலை அருகே தம் அளவைக்கு அடிக்கோடு இட்டார். அங்கே தொடங்கிய அளவுச் சங்கிலி பின்னர் இமயம் வரை சென்றது. பாஞ்சாலங்குறிச்சியோ இடிக்கப்பட்டு, ஏரோட்டி ஆமணக்கு விதைக்கப்பட்டது என்பது திருநெல்வேலிச் சீமையில் வழிவழியாகச் சொல்லப்படும் செய்தி. ஊரின் பெயரையே கணக்குகளிலிருந்து நீக்கினர் என்றும் அச்செய்தி கூறும். ஓர் ஊரைப் படத்தில் ஏற்றுவதும் படத்திலிருந்து அழிப்பதும் ஒரே கையின் செயல்களாயின.

சேர்க்கப்படாத கடிதம்

1802 பிப்ரவரி 11-ஆம் நாள், சிவகங்கையை ஆண்ட வேங்கன் பெரிய உடையணத் தேவரும், சின்ன மருதுவின் மகன் பதினைந்து வயதுத் துரைச்சாமியும் உள்ளிட்ட எழுபதுக்கும் மேற்பட்டவர்கள், தூத்துக்குடியில் கப்பலேற்றப்பட்டுப் பினாங்குத் தீவுக்கு ஆயுள் முழுவதும் நாடுகடத்தப்பட்டனர். அவர்களைக் காவல் புரிந்தவர்களில் வெல்ஷும் ஒருவர். பதினாறு ஆண்டு கழித்து, 1818-இல் அவர் பினாங்கில் தங்கியிருந்தபோது, தளர்ந்து கூனிய முதியவர் போன்ற ஒருவர் அவர் முன் வந்து நின்று தம் பெயரைச் சொன்னார்: துரைச்சாமி. முப்பது வயதைச் சற்றே கடந்திருந்த அவரை வெல்ஷால் அடையாளம் காண முடியவில்லை. அந்தப் பெயர் தம் நெஞ்சில் கத்தி போலப் பாய்ந்தது என்கிறார். துரைச்சாமி வேண்டியது ஒன்றே: ஊரில் எஞ்சியிருந்த சுற்றத்தாருக்கு ஒரு கடிதத்தைச் சேர்ப்பிக்க வேண்டும். கம்பெனியின் கட்டளை அதற்கு இடங்கொடுக்கவில்லை. கடிதம் போகவில்லை.

தந்தை ஒரு தீபகற்பம் முழுமைக்கும் எழுதினார். மகனுக்குத் தன் குடும்பத்துக்கு எழுதவும் உரிமையில்லாது போயிற்று. 1801-ஆம் ஆண்டில் நாம் இழந்தது இன்னதென்று இதைவிடத் தெளிவாகக் காட்டும் சான்று எனக்குத் தெரியாது. வரி எந்த ஆட்சியிலும் இருந்தது. கொடுமையும் எந்த ஆட்சியிலும் இல்லாமற்போகவில்லை. ஆனால் ஒரு நாட்டார் தம்முள் ஒருவரை ஒருவர் விளித்துப் பேசும் உரிமை, சுவரில் ஒட்டவும் கடிதத்தில் அனுப்பவும் உள்ள உரிமை, அவ்வாண்டில்தான் பறிபோயிற்று.

கிழித்தெடுப்பவன் மகாபாதகனாவான் என்று அந்தப் பிரகடனம் எச்சரித்தது. கம்பெனியார் அதன் வாசகத்தைத் தம் மொழியில் பெயர்த்துத் தம் கணக்குக் கட்டுகளுக்குள் வைத்தனர். அங்கே அது உயிரோடிருந்தது. உடன்படிக்கையால் பட்டமேற்ற நவாபின் வமிசத்து ஆட்சிப் பெயரும் 1855-இல் மறைந்தது. சாசுவதம் என்று பெயரிட்ட ஜமீன்முறை சுதந்திரம் வந்த சில ஆண்டுகளில் ஒழிந்தது. என்றென்றைக்கும் என்று எழுதியவை காலாவதியாக, அற்ப ஆயுளுடையதாய்ச் சுவரில் ஒட்டப்பட்ட காகிதமே இன்றும் படிக்கப்படுகிறது. உங்களுக்குள் ஒற்றுமையும் சிநேகமும் இல்லை என்று அது அன்று சொன்ன குறையைப் படிக்கும்போது, அந்த முன்னிலைச் சொல் நம்மையும் உள்ளடக்கியே நிற்கிறது.